முந்துவோரும் ஒரே விலையும்

எதீரியம் என்னும் கிரிப்டோ நாணயப் பேரேட்டில் ஏறுமுன், பொதுவரிசையில் காத்திருக்கும் உத்தரவு எல்லோர் கண்ணிலும் படுகிறது. தந்திரக்காரன் முந்தி வாங்கி விலையை ஏற்றுகிறான். அவ்விலையில் மற்றவர் வாங்கியதும் விற்று லாபமடைகிறான். 2019-ல் பிலிப் டேயன் முதலியோர் இதை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இதற்குப் பரிகாரம் மூடுமுத்திரை ஏலம். கேள்விகள் மறைவாய்ச் சேர்ந்து ஒருங்கே திறக்கப்படும். ஒரு நாணயத்துக்கு வாங்குவோர் மூவர் 105, 102, 98 ரூபாய் வரை தருவர். விற்போர் மூவர் 95, 100, 103-க்குக் குறையார் என்று கொள்வோம். 101 என்ற ஒரே விலையில் இரண்டு நாணயங்கள் கைமாறும். 105 சொன்னவரும் அதையே தருவார். 95 கேட்டவரும் அதையே பெறுவார். முந்துவதால் பயனில்லை.

ஆயினும், முத்திரையை உடைப்பவனே முன்கூட்டி எட்டிப் பார்த்தால் வேலியே பயிரை மேய்ந்ததாகும். திறவுகோல் பலரிடம் பிரிந்திருத்தல் வேண்டும். கணக்கை எவரும் சரிபார்க்க இடமிருத்தல் வேண்டும். இவையில்லாத ஏலத்தை நம்பலாகாதென்பதே நமது அபிப்பிராயம்.