உப்புக் கடலோரத்தில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று

மே மாதம் பிறந்துவிட்டால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களிடையே ஒரே பேச்சுத்தான்: "ஊருக்குப் போகலையா அண்ணாச்சி?"

டிக்கெட் கிடைத்தவர்கள் பிள்ளைகளோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். லீவு கிடைக்காதவர்களும் கையில் காசு இல்லாதவர்களும் இங்கேயே தகரக் கூரையின் கீழ் வேகிறார்கள். விடியுமுன் குழாயடியில் வரிசை. பிடித்து வைத்த தண்ணீரில் குடிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் வேண்டும். குளிக்க ஒரு வாளி மிஞ்சினால் அதிர்ஷ்டம். தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்த உடம்புக்கு ஒரு வாளித் தண்ணீர் எந்த மூலைக்கு?

இவர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மும்பை நகருக்குள்ளேயே, காலையில் போய் மதியம் திரும்பிவிடும் தூரத்தில், பூமியிலிருந்து தானாக ஊறும் நல்ல தண்ணீர்க் குளம் இருக்கிறது. அதன் பெயர் பாண்கங்கா.

அம்பு தைத்த இடம்

மலபார் ஹில்லின் தென்முனையில், வால்கேஷ்வரில் இருக்கிறது இந்தக் குளம். மேற்கு ரயில்வேயில் கிராண்ட் ரோடு அல்லது சர்னி ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வால்கேஷ்வர் போக வேண்டும். தாராவிக்காரர்களுக்கு மாஹிம் நிலையம் வசதி. மாட்டுங்கா அன்பர்கள் தாதரில் வண்டி மாறலாம்; செம்பூர் அன்பர்கள் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும்.

சந்துக்குள் நுழைந்து படியிறங்கினால் நாலு பக்கமும் கல் படிகள், சுற்றிலும் கோயில்கள், நடுவே தண்ணீர். ஏதோ ஊர்க் கோயில் தெப்பக்குளத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

சீதையைத் தேடி வந்த ராமனுக்குத் தாகம் எடுத்ததாம். லட்சுமணன் பாணம் விட, கங்கை பொங்கியதாம். பாணம், கங்கை இரண்டும் சேர்ந்து பாண்கங்கா. அம்பு தைத்த இடம் என்று குளத்தின் நடுவே ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். ராமன் மணலால் லிங்கம் செய்து பூஜித்ததால் வாலுகேஸ்வரர், அதுவே வால்கேஷ்வர் ஆயிற்று என்பார்கள்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கும். ராமேசுவரத்திலும் மணல் லிங்கம் உண்டு. தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தமும் உண்டு. திருச்செந்தூர் நாழிக்கிணற்றை அறியாத நெல்லைச் சீமைக்காரர் யார்?

கல் படிகளுடன் குளத்தை 1127-ல் கட்டியவர் சிலாகார அரசில் அமைச்சராக இருந்த லட்சுமண் பிரபு என்பது வரலாறு. போர்ச்சுக்கீசியர் காலத்தில் கோயில் அழிந்தது. 1715-ல் ராமா காமத் என்ற வணிகரின் கொடையால் மீண்டும் எழும்பியது.

உப்புக் கரிக்காதது ஏன்?

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் உப்பாக இல்லை. காரணம் மழைதான். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலபார் ஹில்லில் விழும் மழை மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இறங்கி, தாழ்ந்த இடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. நல்ல தண்ணீர் கடல் நீரைவிட எடை குறைவு. ஆகவே நிலத்தடியில் உப்பு நீருக்கு மேலேயே நிற்கும். மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் கடலை உள்ளே வரவிடாது.

கிணறுகள் போன கதை

ஒரு காலத்தில் பம்பாய் கிணறுகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தது. 1860-ல் விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. 1892-ல் தான்சா வந்தது. பிறகு மலேரியாக் கொசு கிணறுகளில்தான் பெருகுகிறது என்று 1911-ல் டாக்டர் பென்ட்லி அறிக்கை கொடுக்க, பல கிணறுகள் மூடப்பட்டன. சர்ச்கேட் அருகே 1725-ல் பார்சிக்காரர் ஒருவர் வெட்டிய பீகா பெஹ்ராம் கிணறு தப்பியது. அது பார்சிகளின் புனித இடம். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

அதனால் எல்லோரும் போய் உட்காரக்கூடிய பாண்கங்காவின் அருமை இன்னும் கூடுகிறது. அதற்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. மகாளய பட்சத்தில் திதி கொடுப்பவர்கள் போடும் சோறும் மாவும் நெய்யும் தண்ணீரைக் கெடுத்து, மீன்கள் செத்து மிதந்த செய்தி பல முறை வந்திருக்கிறது. 2024 ஜூனில் சேறு அள்ள இறக்கிய இயந்திரம் பழைய கல் படிகளையே உடைத்தது. ஒப்பந்தக்காரர் மீது போலீசில் வழக்குப் பதிவானது.

போகிறவர்கள் கவனத்துக்கு

தண்ணீர் பச்சை பாய்ந்திருக்கும். குடிக்கக் கூடாது. படிகள் வழுக்கும், நடுவில் ஆழம். நீச்சல் தெரியாத பிள்ளைகளை இறங்க விடக்கூடாது. காலை நனைத்துக்கொண்டு படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே வெக்கை தணியும். சோப்பு வேண்டாம். பொட்டலமும் பூமாலையும் தண்ணீருக்குள் போடவேண்டாம்.

ஊரில் நம் குளத்தில் யாராவது குப்பை போட்டால் சும்மா விடுவோமா? இங்கே வரி கட்டி, வேலை செய்து, பிள்ளை வளர்க்கிறோம். இந்த ஊர்க் குளமும் நம் குளம்தான்.