மூளையின் மடிப்புகளும் மழலை மொழியும்

"மூத்தவன் ஓராண்டில் பேசினான், இளையவள் இரண்டாண்டாகியும் வாய் திறக்கவில்லையே" என ஏங்கும் அன்னையரை நாம் இல்லந்தோறும் காண்கிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளேயாயினும் இருவர் முகம் ஒன்றாயிராது. மூளையின் மடிப்புகளும் அவ்வாறே.

1968-இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் இறந்தோரின் 100 மூளைகளை அளந்தனர். காதுக்கு உட்புறமாக, பேச்சொலியை உணர்வதோடு தொடர்புடைய தளம் ஒன்றுண்டு. அது 65 மூளைகளில் இடப்புறமும், 11-இல் வலப்புறமும் பெரிதாயிருந்தது. எஞ்சிய 24-இல் வேறுபாடில்லை. வேறுபாடு நோயன்று என்பதை இங்கே கருதுக.

அத்தளத்திற்கு முன்னால் அமைந்தது ஹெஷ்ல் மடிப்பு. ஆஸ்திரிய உடற்கூற்றறிஞர் ஒருவரின் பெயர் தாங்கிய இது சிலருக்கு ஒன்றாகவும், சிலருக்கு இரண்டாகப் பிளந்தும் இருக்கும். கருவறையிலேயே, ஏறத்தாழ 31-ஆம் வாரத்தில், இது தோன்றிவிடுகிறது. பேச்சொலிகளை நுணுகிக் கேட்டு எழுத்திற் பதியும் ஒலியியல் வல்லுநரை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இடப்பக்க மடிப்பு பிளவுற்றிருத்தல் பிறரைவிட அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. இதனைப் பிறவிக்கொடை எனலாம். ஆனால் அதே ஆய்வில் மற்றொன்றும் புலனாயிற்று: பேச்சை ஆக்க உதவும் புரோக்கா பகுதியின் ஒரு கூறு, பயிற்சி பெற்ற ஆண்டுகள் கூடியவர்களிடம் பெரிதாயிருந்தது! 'எல்லாம் தலையெழுத்து' எனச் சோர்ந்திருப்போருக்கு இதனை நாம் சற்று அழுத்தியே கூறுவோம்.

மடிப்பைக் கண்டு, ஒரு மகவு என்று பேசும் எனக் கணித்துரைக்க எம்மருத்துவராலும் இயலாது. ஆதலின், பேச்சுத் தாமதமாகும் குழந்தையைக் கடிந்துகொள்ளாது, முதற்கண் அதன் செவிப்புலனைச் சோதிக்கச் செய்யுங்கள்.