நின்று துடுப்பிடுதலும் அலைச்சறுக்கும்

பாறசாலைக்குத் தென்மேற்கே பொழியூர்க் கடற்கரை. அதற்கு வடக்கே பூவாறில் நெய்யாறு கடலொடு கலக்கிறது. இக்கரை மீனவர் கட்டுமரத்தின்மீது மண்டியிட்டும் நின்றும் துடுப்பிட்டு அலை கடப்பதைக் கண்டவர்க்கு, ஹவாய்த் தீவுகளிலிருந்து பரவிய நின்று துடுப்பிடும் பலகை முற்றிலும் புதுமையாகத் தோன்றாது.

அலைச்சறுக்கு வீரர் இதனைத் துணைப் பயிற்சியாகக் கொள்வது ஏன்? கடலில் அவர் அலைமேற் சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறத்தாழப் பாதி நேரம் கைகளால் நீரைத் தள்ளுவதிலேயே கழிகிறது. எழும் அலையைப் பற்றச் சில வினாடிகளுக்கு முழு வலிமையும் வேண்டும். அச்சக்தியைத் தசைகள் பெரும்பாலும் பிராணவாயுவின் துணையின்றியே, தம்மிடமுள்ள கிரியாட்டின் பாஸ்பேட்டிலிருந்தும் கிளைக்கோஜனிலிருந்தும் பெறுகின்றன. முன்னது பத்து வினாடி அளவில் பெரிதும் குறைந்துவிடும். மீண்டும் நிறையச் சில நிமிட ஓய்வு தேவை. ஆகவே, பத்து வினாடி விரைந்து துடுப்பிட்டு, இரண்டு மூன்று நிமிடம் மெல்லச் செல்லுதல் வேகத்தை வளர்க்கும்.

ஓய்வைச் சுருக்கினால் பயன் வேறாகும். 1996-இல் ஜப்பானிய விஞ்ஞானி இசுமி தபாட்டாவும் சகாக்களும் 20 வினாடி உழைப்பு, 10 வினாடி ஓய்வு என்ற முறையை ஆறு வாரம் சோதித்தனர். பிராணவாயுவின்றி உழைக்கும் திறன் 28 விழுக்காடு உயர்ந்தது. சோதனை நடந்தது நிலைச் சைக்கிளில் என்பதை மறத்தலாகாது.

மாணவரைப் பழக்குவோர் கவனிக்க: பொழி திறந்திருக்குங்கால் முகத்துவாரத்தை நெருங்கவே கூடாது. உப்பங்கழியிலும் மிதவைச் சட்டை இன்றியமையாதது. ஓடும் நீரில் பலகைக் கயிற்றைக் கணுக்காலிற் கட்டினால், அது வேரிலோ கழியிலோ சிக்கி ஆளை நீருக்குள் இழுத்துவிடக்கூடும். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையில் இணைத்தல் வேண்டும்.