தேன்சிட்டைப் பிடிக்க எந்தக் கேமரா?

"பறவை படம் எடுக்கணும், எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆனால் லீவில் வேலை பார்த்துச் சேர்த்த காசு வீணாகாமல் இருக்கணும் என்றால், முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தப் பறவை கேமராவின் சென்சார் மேல் எத்தனை மில்லிமீட்டர் அளவுக்கு விழும்? இதற்குப் பதில் கடையில் கிடைக்காது. நம்ம ஃபிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு

பறவையின் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் (கடை பாஷையில் ஃபோகல் லெங்த்) பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால் பிம்பத்தின் அளவு வந்துவிடும்.

ஊதாத் தேன்சிட்டு அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 10 செ.மீ. தான். அது 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸில் அதன் பிம்பம் வெறும் 0.55 மி.மீ.! 300 மி.மீ. லென்ஸில் 3 மி.மீ., 400-ல் 4 மி.மீ., 600-ல் 6 மி.மீ.

சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவில் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ., அதில் 6000 புள்ளிகள். மில்லிமீட்டருக்கு 255 புள்ளி. 18-55 லென்ஸில் நம்ம தேன்சிட்டுக்குக் கிடைப்பது 140 புள்ளி. 400-ல் ஆயிரத்துக்கு மேல். இறகு தெரிவதும் தெரியாததும் இங்கேதான் முடிவாகிறது.

மெகாபிக்சலை இரண்டு மடங்காக்கினால் பறவையின் நீளத்தில் 1.4 மடங்கு புள்ளிதான் கூடும். ஃபோகல் லெங்த்தை இரண்டு மடங்காக்கினால் முழுசாக 2 மடங்கு. தூரத்தைப் பாதியாக்கினாலும் அதே 2 மடங்கு. அதுவும் ஓசியில்! ஆகவே வரிசை இதுதான்: முதலில் தூரம், அடுத்து லென்ஸ், கடைசியில் கேமரா பாடி.

லென்ஸ் ஏன் இந்த விலை?

எஃப் எண் என்பது குவியத் தூரத்தை லென்ஸ் வாயின் விட்டத்தால் வகுத்து வருவது. 400 மி.மீ., எஃப் 5.6 என்றால் வாய் 71 மி.மீ. அதே 400, எஃப் 2.8 என்றால் 143 மி.மீ. அத்தனை பெரிய கண்ணாடியைப் பிழையில்லாமல் தேய்த்து எடுக்கணும். விலை பல லட்சம் போவது அதனால்தான். நமக்கு 5.6, 6.3 போதும்.

மூன்று வழிகள்

கையில் குறைவாக இருந்தால் பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா. உதாரணம், 2015-ல் வந்த நிக்கான் பி900. அதில் '2000 மி.மீ.' என்பது ஒப்பீட்டுக் கணக்கு, உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ. சென்சார் மிகச் சின்னது. மேலே சொன்ன கேமராவின் சென்சார் பரப்பு இதைப்போல் 13 மடங்கு. வெயிலில் நல்ல படம் தரும். மரநிழலில் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். பறவையை அடையாளம் காண இது தாராளம்.

கொஞ்சம் கூட இருந்தால், பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடியோடு 55-250 அல்லது 70-300 லென்ஸ். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் செகண்ட் ஹேண்டில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன.

நாலு நண்பர்கள் சேர்ந்தால் டாம்ரான், சிக்மா கம்பெனிகளின் 150-600. எடை சுமார் 2 கிலோ, கை வலிக்கும். ஒற்றைக்கால் ஸ்டாண்டோ, மதில்மேல் வைக்க ஒரு மணல் பையோ அவசியம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீங்க. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் திருப்பணும். ஒரு நொடி சும்மா இராத தேன்சிட்டிடம் அது நடக்குமா?

லென்ஸில் 'ஆட்டம் தடுக்கும்' வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம்ம கை நடுக்கத்தை நிறுத்தும், பறவையின் ஆட்டத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 வைத்தால் 1/3000 வரைகூடப் போகலாம். நிழலில் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றத் தயங்காதீங்க. புள்ளி தட்டிய படத்தைத் தேற்றலாம், ஆடிய படத்தைத் தேற்றவே முடியாது.

தூரத்தைக் குறைப்பது எப்படி?

துரத்தினால் பறந்துவிடும். தேன்சிட்டு வந்துபோகும் பூச்செடி பக்கத்தில் முன்கூட்டியே உட்கார்ந்து, அசையாமல் அரைமணி காத்திருந்தால் அதுவே 5 மீட்டருக்கு வரும். அப்போது 300 லென்ஸ் 600-க்குச் சமம்!

ஆனால் ஒரு எல்லை உண்டு. கூட்டுப் பக்கம் போகாதீங்க. கிளையை விலக்கினால் காக்கைக்கு வழி காட்டினதாகும், தாய் கூட்டை விட்டே போய்விடலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது 'வேட்டை' என்றே கணக்கு. ஒரு படத்துக்காக ஒரு குடும்பத்தை அழிக்கணுமா?

சென்னையில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) ஒரு கேமராவின் பாடியோடு இன்னொன்றின் லென்ஸைத் தாமே பொருத்தி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அந்தக் கருவியோடுதான் காடு காடாக அலைந்து கருப்பு வெள்ளையில் எடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் கை பழகிய நமக்கு இதைவிட நல்ல முன்னோடி வேறு யார்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். அடுத்த ஆண்டு மலரின் அட்டையில் நம்ம காம்பவுண்டுத் தேன்சிட்டு வரட்டும்!