கதையை நம்பிக் கணக்குப் புத்தகம் வாங்குவோர் கவனத்துக்கு

நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கணக்கென்றாலே வெறுப்பு. யாரோ சொல்லக் கேட்டு, கதையோடு அட்சரகணிதம் சொல்லித்தரும் அமெரிக்கப் புத்தகமொன்றை டொலரில் பணம் கட்டி வரவழைக்கிறார்கள். பிள்ளை இரண்டு கிழமையில் வாசித்து முடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில வருடம் கழித்து, க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளை முன்னால் வைத்தால் பிள்ளை முதற்பக்கத்திலேயே தடுமாறுகிறது.

புத்தகம் நல்லதுதான். பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப்போகிறது என்று தீர்மானிக்காமல் வாங்கியதே பிழை.

இவ்வகையில் அதிகம் பேசப்படுவது ஸ்டான்லி ஷ்மிட் எழுதிய ‘லைஃப் ஒஃப் ஃப்ரெட்’ வரிசை. ஐந்து வயதிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியனாக இருக்கும் ஃப்ரெட்டின் அன்றாட வாழ்க்கைக்குள் கணக்கு நுழைகிறது. அட்சரகணிதத்துக்கு முந்திய படிக்கு மட்டும் மூன்று புத்தகங்கள்: பௌதிகத்தோடு ஒன்று, உயிரியலோடு ஒன்று, பொருளியலோடு ஒன்று. இவற்றுக்கும் முன்னால் பின்னங்களுக்கு ஒரு புத்தகமும், தசமத்துக்கும் சதவீதத்துக்கும் சேர்த்து ஒரு புத்தகமும் இருக்கின்றன. பெற்றோர் நடுவில் ஒன்றை உருவி வாங்கிக் கொடுக்கிறார்கள். பின்னம் தெரியாத பிள்ளை கதையைப் பிடித்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுகிறது. பயிற்சி முடிந்த கையோடு முழு விடையும் அச்சாகியிருப்பதால், விடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். காசு டொலரில் வரும், நீளம் அடியில் வரும். இங்கே கேட்கப்படுவதோ ரூபாயும் மீற்றரும்.

‘பீஸ்ட் அக்கடமி’ சித்திரக்கதை வரிசை தொடக்க வகுப்புகளுக்கு உரியது. அதே பதிப்பகத்தார் அடுத்த படிக்கு வெளியிடும் புத்தகம் படக்கதையே இல்லாத கனத்த பாடநூல். இது தெரியாமல் முழுத் தொகுதிக்கும் முற்பணம் கட்டக் கூடாது.

 

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதற்குக் காசும் வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 6, 7, 8ஆம் தரக் கணிதப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பொருளடக்கத்தை அச்செடுத்து, கதைப் புத்தகத்தின் பொருளடக்கத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். திசைகொண்ட எண்கள், அட்சரகணிதக் கோவைகள், பிரதியீடு, சமன்பாடுகள், விகிதம்: எது இருக்கிறது, எது இல்லை என்று பென்சிலால் குறியுங்கள். கதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முடிந்ததும், பாடநூலின் அதே அலகிலிருந்து பத்துக் கணக்குகளைக் கதையில்லாமல் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது ஏழு சரிவந்தால் தொடரலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டாவது புத்தகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது. அது மகரகமையில், நுகேகொடையிலிருந்து 138 பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம்.

தமிழ்நாட்டுக் கணித நூல்களை வாங்குவோர் கலைச்சொல்லைப் பார்க்க வேண்டும். அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். அங்கே பகா எண், முக்கோணம், நாற்கரம்; இங்கே முதன்மை எண், முக்கோணி, நாற்பக்கல். கணக்குத் தெரிந்த பிள்ளைகூட வினாவை விளங்காமல் புள்ளியை இழக்க இதுவே போதும்.

இனிக் கடதாசி வேலை. பெற்றோர் அதிகம் அலட்சியம் செய்வது இங்கேதான். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016இல் வந்த ஒழுங்குவிதி. பிள்ளையைச் சத்தமில்லாமல் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். விடுகைப் பத்திரத்தைக் கையில் வாங்குங்கள். நுகேகொடை ஸ்ரீ ஜயவர்தனபுர கல்வி வலயத்தில் அடங்கும். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு வலயத்தில். வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, வீட்டில் என்ன பாடம், எந்தப் பாடநூல், எந்தப் பரீட்சை என்று தெரிவியுங்கள். பிரதியில் திகதியும் முத்திரையும் பெறாமல் திரும்பாதீர்கள்.

கருமபீடத்தில் “அதெல்லாம் பிரச்சினையில்லை” என்று ஒருவர் வாயால் சொல்வார். அடுத்த வருடம் அந்தக் கதிரையில் இன்னொருவர் இருப்பார். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எழுத்தில் பதில் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் அறிவிக்க வேண்டும். தமிழில் எழுதியவருக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தேசிய அடையாள அட்டை தேவை. பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் வழியாக நடக்கும் வேலை, வீட்டுப் பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தர் வழியாக நடக்கிறது. பிறப்புச் சான்றிதழும், ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவான ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டும் வேண்டும். பதினைந்து வயது நிறைந்த கிழமையிலேயே தொடங்குங்கள். விண்ணப்பம் மூடுவதற்கு முதல் வாரம் ஓடித் திரிவோரை வருடந்தோறும் காணலாம்.

உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கிய புத்தகம் பக்கம் விடுபட்டோ, அசல் என்று விளம்பரம் செய்த போட்டோப் பிரதியாகவோ வந்தால் பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். கொழும்பு 2, வொக்ஷோல் வீதியிலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் எழுத்து முறைப்பாட்டுக்குரிய மூன்று மாதம் வாங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.