கதவு தானே பூட்டிக்கொண்டால்

பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்திருப்பார்கள். குப்பைக்கூடையை வெளியே வைக்க வந்திருப்பார்கள். பால்கனிப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளும். வாசற்கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். சாவி உள்ளே, போன் உள்ளே, சில வீடுகளில் அடுப்பில் வைத்த பாலும் உள்ளே. சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பழைய வீடுகளில் இப்படி நடக்க வழியே இல்லை. நாதாங்கியில் கொண்டியை மாட்டி, தொங்குபூட்டைக் கோத்து, சாவியைத் திருகினால்தான் வீடு பூட்டியதாகக் கணக்கு. பூட்டும்போது சாவி கையில் இருந்தே தீரும்.

இன்றைய லாட்ச் பூட்டுக்குச் சாவி தேவையில்லை. அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். கதவைச் சாத்தும்போது நிலையில் உள்ள தகட்டில் மோதி அது உள்ளே அமுங்கும். துளைக்கு நேராக வந்ததும் பின்னாலுள்ள ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிவிடும். உள்ளிருப்பவர் குமிழைத் திருகித் திறக்கலாம். வெளியே நிற்பவருக்குச் சாவி ஒன்றுதான் வழி.

அந்த நேரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது பூட்டை அல்ல, வீட்டுக்குள் யார், என்ன இருக்கிறது என்பதை. கைக்குழந்தை தனியாக இருந்தாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, முதியவர் ஒருவர் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாலோ, சாவிக்காரரைத் தேடி அலையக் கூடாது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி உடனே 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையையோ, 112 என்ற அவசர எண்ணையோ அழைக்க வேண்டும். தீயணைப்பு மட்டுமல்ல, மீட்பும் அந்தத் துறையின் வேலை. அதன் பெயரே 'தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. குழந்தை உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவது அவர்களுக்குப் பழக்கமான அழைப்பு. உள்தாழ்ப்பாளுக்கு வெளியே சாவித்துளையே கிடையாது என்பதால் எவ்வளவு கைதேர்ந்த சாவிக்காரர் வந்தாலும் அங்கே அவரால் செய்யக்கூடியது குறைவு.

பக்கத்து வீட்டுப் பால்கனியிலிருந்து தாவுவதும், மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்குவதும் வேண்டவே வேண்டாம். பூட்டிய கதவுக்காக இப்படி இறங்கப் போய் உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு கதவின் விலை என்ன, ஓர் உயிரின் விலை என்ன!

உள்ளே ஆபத்து எதுவும் இல்லையென்றால் அவசரப்படத் தேவையில்லை. கதவை உடைக்கவும் தேவையில்லை. அக்கம்பக்கத்தார் கூடியதும் கடப்பாரை, சுத்தியல் என்று யோசனைகள் வரும். அப்படி உடைத்தால் பூட்டோடு நிலையும் பிளந்துவிடும். அன்றிரவே வீட்டைப் பூட்ட முடியாமல் போகும். வேலை தெரிந்த ஒருவர் கதவில் ஒரு கீறலும் விழாமல் திறந்துவிடக்கூடிய பூட்டுகள்தாம் பெரும்பாலான வீடுகளில் இருக்கின்றன.

அந்த ஒருவர் பெரும்பாலும் நாம் தினமும் கடந்துபோகும் ஆள்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, சந்தை முனையில், குடைக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வளையத்தில் கோத்த வெட்டாத சாவிகள், இரண்டு மூன்று அரங்கள், ஒரு சின்ன இடுக்கிப் பிடி. 'டூப்ளிகேட் சாவி போடப்படும்' என்று கையால் எழுதிய பலகை. மாதிரிச் சாவியைப் பார்த்து இன்னொன்று செய்வது அவருடைய அன்றாட வேலை. மாதிரியே இல்லாமல் சாவி செய்வதில்தான் அவருடைய கைத்திறன் முழுதாகத் தெரியும்.

பூட்டுக்குப் பொருந்தும் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து அதன் விளிம்பை அரத்தால் வழவழப்பாக்குவார். பூட்டுக்குள் நுழைத்து, இறுக்கித் திருகி, மேலும் கீழும் லேசாக அசைத்து வெளியே எடுப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளிருக்கும் ஊசிகள் அழுத்திய இடங்களில் பொட்டுப் பொட்டாய்த் தடம் தெரியும். தடம் விழுந்த இடத்தில் மட்டும் அரத்தை ஓரிரு முறை ஓட்டுவார். மறுபடி நுழைத்து, அசைத்து, எடுத்துப் பார்ப்பார். ஓர் இடத்தில் தடம் விழுவது நின்றுவிட்டால் அங்கே ஆழம் சரியாகிவிட்டது என்று பொருள்; அந்த இடத்தை இனித் தொட மாட்டார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போல, கண்ணுக்குத் தெரியாததை விரல் வழியாக அறியும் வேலை இது. அரம் ஒரு முறை கூடுதலாக ஓடிவிட்டால் அந்தச் சாவி வீண். புதிதாகத் தொடங்க வேண்டும். கடைசியில் பூட்டு திறக்கும்போது வீட்டுக்காரர் கையில் ஒரு முழுச் சாவியும் இருக்கும். இந்தக் கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாரே, இதற்கா இவ்வளவு என்று பேரம் பேசுபவர்கள், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஊசிகளின் கதை பழையது. மரத்தாலான ஊசிகள் விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும் பூட்டைப் பண்டைய எகிப்தியர்கள் பயன்படுத்தினார்கள். அதே தத்துவத்தைக் கைக்கடக்கமான உலோக உருளைக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர்; 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உருளைக்குள் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு ஊசித் துண்டுகள், மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவியின் மேடு பள்ளங்கள் எல்லாத் துண்டுகளையும் உரிய உயரத்துக்குத் தூக்கினால், அவை பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் அமையும், உருளை சுழலும். ஓர் ஊசி மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது. இன்று நம் வாசற்கதவுகளில் இருப்பவற்றில் பல இந்த வகைதான்.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று உண்டா? லண்டனில் ஜோசப் பிராமா 1790-இல் தம் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். 60 ஆண்டுகளுக்கு மேல் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், முதலில் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். பிறகு பிராமாவின் பூட்டில் கைவைத்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். பிராமா அப்போது உயிரோடு இல்லை. அவருடைய நிறுவனம் பரிசைக் கொடுத்தது. இந்தக் கதையில் நமக்கு வேண்டியது அந்த 51 மணி நேரம். பூட்டு என்பது திறக்க ஆகும் நேரத்தை நீட்டிப்பது, அவ்வளவே. அதனால்தான் பூட்டின் தரத்தைப் பொறுத்து, திறக்க வருபவரின் நேரமும் கூலியும் மாறுகின்றன.

நம் ஊர்க் கதவுகளில் இன்னொரு வகையும் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படுவது. ஊசிகளுக்குப் பதிலாக உள்ளே நெம்புகோல் தகடுகள் இருக்கும். சாவி அவற்றை உரிய அளவு தூக்க வேண்டும். தகடுகளையும் சாவியையும் கைவினைஞரே அராவிப் பொருத்துகிறார். மாங்காய்ப் பூட்டு போன்ற வகைகள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. பாட்டன் காலத்துத் திண்டுக்கல் பூட்டின் சாவி தொலைந்துவிட்டால் அதை அறுத்தெறியச் சொல்வதற்கு முன், பழைய பூட்டுகளில் பழகிய ஒருவரிடம் காட்டுவது நல்லது. கிரில் கதவில் தொங்கும் சாதாரணப் பூட்டு என்றால் தயங்க வேண்டியதில்லை. அறுத்துவிட்டுப் புதிது வாங்குவதே பல நேரம் மலிவு.

தெரிந்த சாவிக்காரர் இல்லாமல், இணையத்தில் தேடிக் கிடைத்த முதல் எண்ணை அழைப்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வகை ஏமாற்று பெருகியதால் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே மக்களை எச்சரித்திருக்கிறது. போனில் மிகக் குறைந்த தொகையைச் சொல்வார்கள். வந்ததும் இது வேறு மாதிரிப் பூட்டு, துளைபோட்டால்தான் திறக்கும் என்பார்கள். பூட்டைப் பாழாக்கிப் புதுப் பூட்டையும் தலையில் கட்டிப் பல மடங்கு பணம் கேட்பார்கள். இந்த வழி எந்த ஊரிலும் செல்லுபடியாகும். எனவே ஆள் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்: வருவதற்கு மட்டும் எவ்வளவு, திறந்தால் மொத்தம் எவ்வளவு, இரவு நேரத்துக்குத் தனிக் கூலி உண்டா? கதவு வெறுமனே சாத்திக்கொண்டதா, சாவியால் இரண்டு சுற்றுப் பூட்டியதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னது எளிது, பின்னது நேரம் பிடிக்கும். பூட்டின் படத்தை அனுப்பினால் இன்னும் நல்லது. வந்தவுடன் பூட்டைப் பார்க்காமலே துளைக்கருவியைக் கையில் எடுப்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வந்தவர் 'இது உங்கள் வீடுதானா?' என்று கேட்டால் கோபப்படக் கூடாது. கேட்காமல் திறப்பவரை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும்; அவர் நாளை வேறு யாருக்கும் இதே கதவைத் திறந்துவிடுவார். ஆதார் அட்டை வீட்டுக்குள் மாட்டியிருக்கும் என்பது உண்மைதான். போன் கையில் இருந்தால் டிஜிலாக்கரில் காட்டலாம். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கச் செயலாளரோ காவலாளியோ எதிர்வீட்டுக்காரரோ வந்து சொல்லலாம்.

திறக்கும் வேலை முடியும்வரை கூடவே நிற்பதும் அவசியம். பீரோ சாவி ரிப்பேர் என்று தெருவில் கூவி வந்தவர், பூட்டைச் சரிசெய்யும் சாக்கில் நகையோடு மறைந்த சம்பவங்களைச் செய்தித்தாள்களில் பலமுறை படித்திருக்கிறோம். 'சாவி சூடாக இருக்கிறது, ஒரு மணி நேரம் பீரோவைத் திறக்காதீர்கள்' என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. நேர்மையாக உழைக்கும் எத்தனையோ சாவிக்காரர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுப்பவர்கள் இவர்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கடை போட்டிருப்பவரை நாடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஆகவே கதவு பூட்டிக்கொள்ளாத ஒரு நாளில், கடைத்தெருவுக்குப் போகும்போது அவரிடம் நின்று பேசி எண்ணை வாங்கி வைக்கலாம். அந்த எண் போனில் மட்டும் இருந்தால் பயனில்லை. காவலாளியின் நோட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று அதே ஊரில் உள்ள அக்கா வீட்டிலோ நம்பிக்கையான நண்பரிடமோ இருக்கட்டும். மிதியடிக்கு அடியிலும் பூந்தொட்டியிலும் செருப்பு அலமாரியிலும் வைப்பது திருடருக்கும் தெரிந்த பழக்கம். எண்ணையோ விரல்ரேகையையோ கேட்கும் மின்னணுப் பூட்டு வைத்திருப்பவர்கள், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பல பூட்டுகளில் வெளிப்புறத்தில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு வைக்கவோ யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுக்கவோ இடம் இருக்கும். சிலவற்றுக்குச் சாதாரணச் சாவியும் உண்டு. அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுபவர்கள்தாம் அதிகம்.

கதவு திறந்த பிறகு ஒரு முடிவு பாக்கியிருக்கிறது. சாவி உள்ளே இருந்து கிடைத்துவிட்டால் கவலையில்லை. வெளியே எங்கோ தொலைந்திருந்தால் அது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பல பூட்டுகளில் உள்ளிருக்கும் உருளையை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் பழைய சாவி செல்லாது. அந்த வேலையையும் சாவிக்காரரிடமே கொடுத்து, கையோடு இரண்டு மாற்றுச் சாவிகள் போடச் சொல்லி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பூட்டில் திருகிப் பார்த்துவிட்டு அவருக்குக் கூலியைக் கொடுக்கலாம்.