பழைய பிக்கப் வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்தலும் தொட்டி மாற்றலும்

பசுவந்தனைக் கரிசலில் விளைந்த உளுந்து, பாசி, மிளகாய் வற்றல் மூட்டைகளைக் கோவில்பட்டிக்கு ஏற்றிச் செல்லப் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போர், மூட்டை தூக்கும் சிரமம் குறையுமென்று அதன் பின்புறத்தை இரண்டு அங்குலம் தாழ்த்த விரும்புவதுண்டு. வெறும் வண்டியின் பின்புறம் சற்று உயர்ந்து நிற்பது பழுதன்று. பாரம் ஏறியபின் மட்டமாவதற்கே அவ்விதம் அமைத்துள்ளனர். தாழ்த்திய வண்டியில் பாரம் ஏறினால் பின்புறம் அமிழும். முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்புக் குன்றும். முகவிளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிடுதல் இன்னும் கேடு. எஞ்சியவை பாரம் தாங்காது முறியும். ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் தாழ்ந்த வண்டி படும் பாட்டைக் கரிசல் குடியானவருக்குச் சொல்லவும் வேண்டுமோ? களத்தோரம் தொட்டி மட்டத்திற்கு ஒரு மண்மேடு போட்டு, அங்கிருந்து மூட்டை ஏற்றுவதே சுலபம், செலவும் அற்பம்.

தொட்டி மாற்றுவது வேறு விஷயம். சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடுமாதலால், அரித்த தொட்டியை மாற்றத்தான் வேண்டும். புதியதைச் சேஸிஸோடு பற்றவைக்கலாகாது. சூட்டினால் சேஸிஸின் வலிவு கெடும். இடையே மரச்சட்டம் வைத்து யூ போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். நீர் வடியத் துளைகளும் அவசியம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆகவே, பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.